சரிங்க அத்தை

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து 22 வருடம் என் மாமியாரிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், 'சரிங்க அத்தை'. சண்டை கிடையாது. முகம் தூக்கியது கிடையாது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில் "மாமியா மருமவன்னா அவங்களாட்ட இருக்கோணும்" என்றுதான் பேசிக்கொள்வார்கள், எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. அதற்குப் பெயர் அன்புதானா என்று நான் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. கேட்க வைத்தது இங்கிலாந்தில் உள்ள யூதர்கள் நடத்திய ஒரு வகுப்பு. ரொம்ப நாளாக எழுத நினைத்தது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2021 ஏப்ரல். கொரோனா இரண்டாம் அலை தலைதூக்கிக்கொண்டிருந்த சமயம். மகள் லீட்ஸில் மேல்படிப்பில் இருந்தாள். அவளோடு படித்த ஒரு பெண்ணின் குடும்பம் யூதக் குடும்பம், அவர்களுடைய சமூகக் கூடத்தில் நேரில் நடக்கிற வகுப்புகள் எல்லாம் அந்த வருடம் ஜூமுக்கு மாறியிருந்தன. ஆறு வியாழக்கிழமை, தலைப்பு அன்பு, யார் வேண்டுமானாலும் வரலாம், யூதராக இருக்க வேண்டியதில்லை. "அம்மா, நீ தமிழ் டீச்சர், உனக்குப் புடிக்கும், உக்காந்து பாரு" என்று இணைப்பை அனுப்பினாள். அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் இங்கே ராத்திரி பதினொன்றரை.

யூதர்களுக்குப் படிப்பு என்பது பள்ளிக்கூடத்தோடு முடிகிற காரியம் அல்ல என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் அது இந்த அளவுக்கு ஊர்க்காரியமாக இருக்கும் என்று தெரியாது. பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவிலிருந்து ஷாவுவோத் பண்டிகை வரைக்கும் 49 நாளை ஒவ்வொரு ராத்திரியும் வாய்விட்டு எண்ணுகிறார்கள், அது வாற்கோதுமை அறுப்பிலிருந்து கோதுமை அறுப்பு வரைக்குமான காலம். ஷாவுவோத் அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து படிப்பது பல ஊர்களில் வழக்கம், நம் சிவராத்திரி மாதிரி. 1980-இல் இங்கிலாந்தில் லிம்மூத் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அந்தப் பெயருக்கே கற்றல் என்றுதான் பொருள், இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது, இந்த அறையில் பாடம் சொல்கிறவர் அடுத்த அறையில் மாணவராகப் போய் உட்காருவார். எங்கள் வகுப்பு அதைச் சேர்ந்தது இல்லை, ஒரு சின்னக் கூடம் நடத்தியது, ஆனால் முறை அதேதான்.

முறை என்று சொன்னேனே, அதற்கு ஹவ்ரூதா என்று பெயர். ஹாவேர் என்றால் தோழன். இரண்டு பேர் ஜோடியாக உட்கார வேண்டும், ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், நாலு வரிக்கு ஒருமுறை நிறுத்தி "இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று மல்லுக்கட்ட வேண்டும். ஆசிரியர் அப்புறம்தான் பேசுவார். எனக்கு ஜோடியாக வந்தவர் லீட்ஸில் இருக்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எனக்காக நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

முதல் வாரம் பைபிளில் வருகிற உன்னதப்பாட்டு, பஸ்காவை ஒட்டி வாசிக்கிற காதல் பாட்டு. அன்றைக்கு ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கு எப்போதும் பாதித் தூக்கம்தான், மாமா போனதிலிருந்து இன்னும் மோசம். எழுந்து வந்து நின்றார். "ஏனம்மிணி, இன்னேரத்துல ஆருகூடப் பேசீட்டிருக்கற?" சொன்னேன். "சரி, நீ பேசு" என்று பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தவர் போகவே இல்லை. சாலமோனுடைய கப்பல்கள் பொன்னோடும் தந்தத்தோடும் மயிலும் கொண்டு வந்தன என்று பைபிளில் இருக்கிறது, அந்த எபிரேயச் சொல் துக்கீம், அது நம் தோகையிலிருந்து போனது என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. இதை அத்தையிடம் சொன்னேன். "விடியால நம்ம காட்டுல வந்து கொத்தற மயிலா, அத்தன தூரம் போச்சு?" என்றார். அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம்தான் விஷயம். பைபிளில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். தன்னைப் போல அயலானை நேசி என்கிற வாக்கியம் அங்கே 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. அதில் எபிரேயத்தில் ஒரு விசேஷம். நாம் 'அயலானை' என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறோம், மூலத்தில் இருப்பது நம் நான்காம் வேற்றுமை மாதிரியான ஓர் உருபு, 'அயலானுக்கு'. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ராம்பான் என்கிற உரையாசிரியர் இதைப் பிடித்துக்கொண்டு, அவன்மேல் உனக்கு உருக்கம் வர வேண்டும் என்று கேட்கவில்லை, உனக்கு ஆகவேண்டிய நன்மை அத்தனையும் அவனுக்கும் ஆகட்டும் என்று மனமார நினைக்கச் சொல்கிறது என்கிறார். ஓர் உருபை வைத்து இவ்வளவு தூரம் போகிற உரைகாரர்களைப் படித்து வளர்ந்தவள் நான், அந்தக் கணம் எனக்கு நம் இளம்பூரணர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் லீட்ஸ் அம்மா என்னை முந்தைய வசனங்களுக்கு இழுத்துப் போனார். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, 9, 10-ஆம் வசனங்களில், வயலை அறுக்கும்போது ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. 17-ஆம் வசனத்தில், உன் சகோதரனை மனதுக்குள் பகைக்காதே, அவனிடம் நேரில் சொல்லிவிடு என்று இருக்கிறது. நேரில் சொல் என்பதற்கு அடுத்த வசனம்தான் நேசி என்பது. கண்டிப்பில்லாத அன்பு அன்பே அல்ல என்று ஒரு பழைய ரபி, அதாவது யூத குரு, சொல்லிவைத்திருக்கிறாராம்.

அத்தைக்கு அந்த 9, 10-ஆம் வசனங்களைத் தமிழில் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கடலைக்காய் பிடுங்குகிற சமயம், ஊரெல்லாம் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "எங்கய்யனும் இதயேதான் சொல்லுவாங்க. காட்ட முழுசாத் தொடச்செடுக்கக் கூடாது, வளவுக்காரங்க வந்து பொறுக்கிக்குவாங்க, உடுங்கன்னு." லீட்ஸ் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சந்தோஷப்பட்டு, அடுத்து ரூத் கதையில் இது வரும் என்றார். விதவையாக, வேற்று நாட்டுக்காரியாக பெத்லகேமுக்கு வந்த ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள், வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ், அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்கிறான், சாப்பாட்டு நேரத்தில் அவளை அறுக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து வறுத்த தானியத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறான், அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு மீதியும் வைக்கிறாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அத்தையைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். "நம்ம காட்டுல பொறுக்க வந்தவங்கள நாம பக்கத்துல உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டமுங்களா அத்தை? வாச தாண்டி உள்ள உட்டமுங்களா?"

22 வருடத்தில் முதல் எதிர்க்கேள்வி. அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு இல்லை. காபி வைப்பேன், குடிப்பார். என் வீட்டுக்காரர் "என்னாச்சு ரெண்டு பேருக்கும்" என்று கேட்டார். நான் கேட்டது நியாயம் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை, வளவிலிருந்து, அதாவது தலித் மக்கள் குடியிருப்பிலிருந்து, வந்த பெண்களுக்கு எங்கள் வீட்டிலும் தனி டம்ளர்தான் இருந்தது, அதை நானும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அத்தையிடம் மட்டும் கேட்டு என்னை விட்டுவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

மூன்றாவது வியாழன் வகுப்புக்கு உட்கார்ந்தபோது அத்தை வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம் தல்மூதில், யூத குருமார்களின் பழைய விவாதத் தொகுப்பில், வருகிற யோகனான், ரேஷ் லாகீஷ் கதை. 3-ஆம் நூற்றாண்டு, திபேரியாஸ் ஊர். யோகனான் பெரிய பண்டிதர். ரேஷ் லாகீஷ் கொள்ளைக்காரனாக இருந்தவர், யோகனான் அவரைப் படிப்புக்கு இழுத்து, தன் தங்கையையும் கட்டிக்கொடுத்து, தன் ஹவ்ரூதாவாக ஆக்கிக்கொண்டார். ஒருநாள் ஒரு விவாதம், வாள், கத்தி, ஈட்டி எல்லாம் எப்போது முழுசாகச் செய்து முடிந்ததாக ஆகும்? உலையில் காய்ச்சும்போது என்றார் ஒருவர், தண்ணீரில் முக்கும்போது என்றார் மற்றவர். யோகனான் வாய் தவறிவிட்டார்: கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாமலா இருக்கும்! மனம் உடைந்து ரேஷ் லாகீஷ் படுத்தார். தங்கை வந்து அழுதும் யோகனான் இறங்கி வரவில்லை. ரேஷ் லாகீஷ் செத்துப்போனார்.

அதற்குப் பிறகுதான் யோகனானுக்கு உறைக்கிறது. துக்கம் தாங்காமல் இருந்தவருக்கு ஆறுதலாக எலாசார் பென் பெதாத் என்கிற கெட்டிக்காரரைப் படிப்புத் துணையாக அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் அவர் "நீங்கள் சொல்வது சரி, இதோ உங்களுக்கு ஆதாரம்" என்கிறார். யோகனான் வெடித்துவிட்டார். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, ரேஷ் லாகீஷ் என்றால் நான் ஒன்று சொன்னதும் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்லுவேன், அதில்தான் விஷயம் விரியும் என்று சட்டையைக் கிழித்துக்கொண்டு, எங்கே போனாய் என்று கத்திக்கொண்டு திரிந்து, புத்தி பேதலித்து இறந்துபோனார்.

மொழிபெயர்த்து முடித்தபோது எனக்கே குரல் சரியாக வரவில்லை. அத்தை கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார், "நீயும் எனக்கு அந்தச் 'சரீங்க' ஆளாட்டத்தான அம்மிணி இத்தன வருஷமும் இருந்த. போன வாரந்தான் வாயத் தொறந்த." பிறகு, "நீ கேட்டது மெய்தான். எங்கய்யன் காய உட்டாங்க. ஆனா சோத்த வாசலுக்கு வெளியதான் வெச்சாங்க. நானும் அதயேதான் செஞ்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். சமையல் அறையில் அந்த டம்ளர் அடுத்த நாள் மற்ற டம்ளர்களோடு இருந்தது, வைத்தது அவர். ஒரு டம்ளரால் என்ன மாறிவிட்டது என்று கேட்டால் என்னிடம் பெரிய பதில் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் காட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஆசாரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், உறம்பரை சிலர் அதனால் முகம் சுளித்ததும் உண்டு.

நாலாவது வாரம் ரபி அகீவாவின் மாணவர்கள். அயலானை நேசி என்பதே அவர்களுடைய வேதமான தோராவின் பெரிய விதி என்று சொன்னவர் அகீவா. நாற்பது வயது வரைக்கும் எழுத்தறியாத மேய்ப்பர், மனைவி கொடுத்த தைரியத்தில் படிக்கப் போய், ஆயிரக்கணக்கான மாணவர்களோடு திரும்பி வந்து, என்னிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் இவளுடையது என்று அவர்களிடம் மனைவியைக் காட்டிச் சொன்னவர். அவருடைய மாணவர்கள் இதே பஸ்காவுக்கும் ஷாவுவோத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் கொள்ளைநோயில் செத்துப்போனார்கள் என்கிறது தல்மூத். எண்ணிக்கையை 24,000 பேர் என்று சொல்லாமல் 12,000 ஜோடி என்று சொல்கிறது. காரணம், ஒருவரை ஒருவர் மதிக்கவில்லை என்பது. அன்பைப் போதித்தவரின் பள்ளிக்கூடத்திலேயே! கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவில் இருக்கிறது, ஒரு நோய் போனபிறகும் அதன் பெயரை நாம் சாமியோடு சேர்த்து வைத்திருக்கிறோம், அவர்கள் நாளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், அந்த வாரங்களில் பலர் கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை.

அந்த வாரக் கடைசியில் அத்தையின் தம்பி கொரோனாவில் போய்விட்டார். தாராபுரம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், முகம் பார்க்க விடவில்லை. எங்கள் பக்கம் எழவு வீடு என்றால் தெருமுனையிலேயே அழுகை ஆரம்பித்துவிடும், பெண்கள் கட்டிப் பிடித்து ஒப்பு வைப்பார்கள். ஒன்றும் இல்லை. யாரும் வரவில்லை, போகவும் முடியவில்லை. அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மே 6. நான் வகுப்புக்கு வரமுடியாது, ஜோடிக்கு மட்டும் தகவல் சொல்லிவிடலாம் என்று நுழைந்தேன். விஷயத்தைக் கேட்டதும் லீட்ஸ் அம்மா "அவரைக் கூப்பிட முடியுமா" என்றார். அத்தை வந்து திரை முன்னால் உட்கார்ந்தார். லீட்ஸ் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான் இணைப்புத்தான் நின்றுவிட்டது என்று நினைத்து எதையோ அழுத்தப் போனேன், அவர் கையை மெல்ல உயர்த்தி இருக்கட்டும் என்றார். யூதர்கள் சாவுக்கு ஏழு நாள் துக்கம் காக்கிறார்கள், அதற்கு ஷிவா என்று பெயர், தாழ்ந்த இருக்கையில் உட்காருவார்கள், வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள், துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும் வரைக்கும் வந்தவர் பேசக் கூடாது. இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அத்தை கடைசியில் பேசினார். ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தம்பி தூரி கட்டிக் கொடுத்தது, அத்தை கல்யாணமாகிப் போன அன்றைக்கு வண்டிக்குப் பின்னாலேயே வாய்க்கால் மேடு வரைக்கும் ஓடி வந்தது. நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன், ஓர் இடத்துக்கு மேல் முடியவில்லை, நிறுத்திவிட்டேன். லீட்ஸ் அம்மா மொழிபெயர்ப்பைக் கேட்கவில்லை. தமிழிலேயே அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வாரம் முழு ஊரடங்கு வந்துவிட்டது. ரூத் கதை முழுசாக, அதுதான் ஷாவுவோத்தில் வாசிப்பது. நகோமி தன் இரண்டு மருமகள்களிடமும் அவரவர் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்கிறாள். தாய் வீடு என்றேதான் இருக்கிறது. ஒர்பாள் முத்தம் கொடுத்து அழுதுவிட்டுப் போகிறாள், ரூத் விடாமல் ஒட்டிக்கொள்கிறாள், உங்கள் ஜனம் என் ஜனம் என்கிறாள். பின்னால் வந்த உரைகளில் ஒர்பாளுக்கு நல்ல பெயர் இல்லை என்றார் லீட்ஸ் அம்மா. நானும் ரூத் பக்கம்தான். அத்தை விடவில்லை. "போனவளுக்கு என்ன கொற? அம்மா ஊடு அவளுக்கும் இருக்குதல்ல. மாமியாளே போன்னு சொல்றா, சொன்னதக் கேட்டா அது தப்பா?"

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. 2004-இல் என் அம்மாவுக்கு முடியாமல் போனது. மூன்று மாதம் கூட இருந்து பார்க்க நினைத்தேன். அத்தை, கரும்பு வெட்டு நேரம், பத்து நாளில் வந்துவிடு என்றார். சரிங்க அத்தை என்று வந்துவிட்டேன். அந்த வருடக் கடைசியில் அம்மா போய்விட்டார். 17 வருடம் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அத்தைக்கு எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு தட்டிலும் அது இருந்தது.

"அன்னைக்கே முடியாதுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா என்ன, கழுத்தையா புடிச்சிருப்பேன்?" என்று சத்தம் போட்டார் அத்தை. நானும் சத்தம் போட்டேன். ராத்திரி பன்னிரண்டேமுக்காலுக்கு வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவருகே நின்றார். திரையில் லீட்ஸ் அம்மா, ஒரு வார்த்தை புரியாமல், போகாமல் உட்கார்ந்திருந்தார். விடியற்காலம் கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்று, "தப்புத்தான் அம்மிணி" என்றார். எனக்கு அது முழுசாக ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது அந்தப் பேச்சை எடுக்க முடிகிறது, அத்தையே எடுப்பார்.

போன வருடம் அத்தையைக் கூட்டிக்கொண்டு கொச்சி போனோம், பாலக்காட்டு வழியாக. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அத்தை குனிந்து தரையையே பார்த்தார், சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்திலேயே பாட்டுப் பாடி அதை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள், 1950-களில் இஸ்ரேலுக்குப் போனபோது அந்த நோட்டுகளையும் எடுத்துப் போனார்கள். அதே தெருவில் சாரா கோஹன் என்கிற யூதப் பாட்டியின் பூத்தையல் கடை இருக்கிறது. 2019-இல், 96 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரைக் கூட இருந்து பார்த்துக்கொண்டது, கடையையும் நடத்தியது, சின்ன வயதிலிருந்து அந்த வீட்டோடு பழகிய ஒரு முஸ்லிம்.

திரும்பி வரும்போது காரில் அதைப் பற்றித்தான் பேச்சு. நான் அது அன்புதான் என்றேன். அத்தை, "அன்புன்னு சுலுவாச் சொல்லிப்போடாத. சோறு போட்ட நன்றி அது, நன்றி வேற" என்றார். நன்றியில் தொடங்கினால் அன்பாக ஆகாதா என்றேன். "ஆகும், ஆனா அதுக்கு எத்தன வருஷம் ஆச்சுன்னு நீ கேட்டியா?" பாலக்காடு வரைக்கும் விடவில்லை. வாளையாறு தாண்டும்போது அத்தை கண் அசந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் காபி டம்ளரை நீட்டினேன், வாங்கிக்கொண்டே, "நா இன்னும் முடிக்கல, உக்காரு" என்றார்.